மலையேறி நாட்டைக் காண்போம்

கல்விச் சுற்றுலா என்றவுடன் விலங்குக் காட்சிச்சாலை, நீர் விளையாட்டுப் பூங்கா, பேரங்காடி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றால் பிள்ளைகள் மகிழ்வதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களை ஒரு மலைமீது நடத்திச் சென்று, தாங்கள் வாழும் நாட்டைக் காணச் செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. வட மாநிலங்களில் வாழும் நமக்கு அதற்கேற்ற இடம் பினாங்குக் கொடிமலையாகும்.

இம்மலையின் உச்சி 833 மீட்டர் உயரமுடையது. 1923ஆம் ஆண்டு முதல் இங்கு மலை இரயில் ஓடுகின்றது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. இரயிலில் சில நிமிடங்களில் மேலே சென்றுவிடலாம். ஆனால் 1884இல் தோன்றிய தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையொன்று மேலே செல்கின்றது. நடந்து ஏறக் கட்டணம் இல்லை. குறைந்த வருவாயுள்ள பெற்றோரும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். பிற்பகலில் மழையும் இடியும் வரக்கூடும். காலையில்தான் காட்சியும் தெளிவாக இருக்கும். பாதை செங்குத்தானது, ஆதலால் வழுக்காத காலணியும், ஆளுக்கு ஒரு புட்டி நீரும், மழைச்சட்டையும் தேவை. சிறுவரை முன்னே விட்டு, அவர்தம் நடைக்கேற்பப் பெரியோர் பின்னே செல்லுதல் முறை. குரங்குகளுக்குத் தீனி கொடுத்தல் கூடாது. கொடுத்துப் பழக்கினால் அவை பையைப் பறிக்கும். குப்பையைக் கையோடு கொண்டுவருதல் நம் கடமை. களைத்தவர்கள் இரயிலில் இறங்கலாம். அது ஆயர் ஈத்தாமில் கொண்டுவிடும். ஆகவே பேருந்து ஓட்டுநரை அங்கே காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

மேலே சென்றதும் படம் எடுப்பதோடு நின்றுவிடலாகாது. ஜார்ஜ் டவுன் நகரையும், 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தையும், வானம் தெளிந்திருப்பின் கெடாவின் ஜெராய் மலையையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவோம். பின்னர் அந்த நீரிணையைக் காட்டுவோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் அவ்வழியேதான் வந்தனர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் 'ரஜூலா' கப்பல் வந்து போனதும் அவ்வழியே. பாலத்தருகே தெரியும் ஜெரெஜாக் தீவில், வந்திறங்கியோர் நோய்த்தடுப்புக்காகத் தனித்துத் தங்கவைக்கப்பட்டனர். அக்கரையில் விரியும் சமவெளியில் அவர்கள் காடழித்துத் தோட்டங்களை உருவாக்கினர்.

அத்தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தாத்தா பால்மரம் வெட்டிய இடத்தைப் பேரன் அறியான். நூலில் படித்தால் மறந்துபோகும் வரலாறு, கண்ணால் கண்டு, பாட்டியின் வாயால் கேட்டால் நெஞ்சில் நிலைக்கும். ஆகவே நடக்க இயலாத முதியோரை இரயிலிலேனும் உடன் அழைத்துச் செல்வோமாக. பிள்ளைகள் காலால் ஏறட்டும். முதியோர் வாயால் சொல்லட்டும். மாணவச் செல்வங்களே, வரும் விடுமுறையில் இதனை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்!