வள்ளி மறுத்த முருகன்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் கோயில் பொங்கல் என்றால் விடிய விடிய நாடகம் நடப்பது நெடுநாள் வழக்கம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் மேடைக்கு முன் பாய் விரித்து அமர்வர். அவர்கள் பெரிதும் விரும்பிய நாடகங்களுள் ஒன்று, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. அதில் முருகனாக நடித்துப் புகழ்பெற்ற விசுவநாததாஸ், 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தவர்.

கதர் உடுத்தியவர், நாடக மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர்நீத்தவர். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்திக்கொள்கின்றனர். அந்த மரணம் உருக்கமானது. அதனாலேயே, அதற்கு முன் அவர் மேடையில் பட்ட வேறொரு துன்பத்தை அது மறைத்துவிடுகிறது.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவ்வகை நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவாக வாழ்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. தனித்தனியே ஒப்பந்தம் பெற்று, நாடக நாளன்று ஒன்றுகூடுவர். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால், வள்ளிக்கும் முருகனுக்கும் இடையிலான தருக்கத்தில் பெரும்பகுதி மேடையிலேயே பிறக்கும். ஒருவர் வீசும் சொல்லை மற்றவர் ஏந்தாவிட்டால் நாடகம் நகராது. முன்பின் பழகாத இருவர் ஓர் இரவுக்கு ஒருவரையொருவர் முழுமையாக நம்பியாக வேண்டும்.

விசுவநாததாசுக்கு அந்த நம்பிக்கை எளிதில் கிடைக்கவில்லை. அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். ஊரார்க்கு முடிதிருத்தவும், நோய்க்கு மருந்து தரவும், பிறப்பு இறப்புச் சடங்குகளில் முன்னிற்கவும் வேண்டப்பட்ட அக்குலத்தார், சரிநிகராக அமர மட்டும் வேண்டப்படவில்லை. அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர்.

இம்மறுப்பு எந்த நாடகத்துக்கு நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘வள்ளி திருமணம்’ குறமகளைத் தேவசேனாபதி மணக்கும் கதை. வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனைத் தோற்றம் கண்டு விலக்கும் வள்ளி, உண்மை உருவைக் கண்டபின் ஏற்கிறாள். மேடைக்கு வெளியிலோ நிலைமை தலைகீழானது. முருகன் வேடத்தை ஊரே கைகூப்பி வணங்கியது. வேடத்துக்குள் இருந்த மனிதரைத்தான் விலக்கியது. இரவில் தெய்வம், விடிந்தால் தாழ்ந்தவர் என்று ஒரே முகத்துக்கு ஊர் இரண்டு விலை வைத்தது. அரிதாரம் பூசக் கண்ணாடி முன் அமர்ந்தவர், இவ்விரண்டில் எதைத் தம் முகம் எனக் கொண்டிருக்கக்கூடும்? இரண்டையுமே அவர் ஏற்கவில்லை எனக் கருத இடமுண்டு. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கைச் சாக்கிட்டு வெள்ளையர் ஆட்சியைப் பாடியவர் அவர். கடவுள் வேடத்தில் நின்றபடி ஒரு குடிமகனாகப் பேசினார்.

மறுத்த நடிகையரை மட்டும் பழிப்பதும் நேர்மையாகாது. மேடையேறிய பெண்களை அன்றைய சமூகம் மதித்ததில்லை. இழிவுக்கு உள்ளானவர், தமக்கும் கீழே ஒருவர் உண்டு எனக் காட்டித் தம் மதிப்பைத் தேடிக்கொள்வது சாதியமைப்பின் கொடிய தந்திரம்.

இதற்கான விலையைக் குடும்பமும் செலுத்தியது. சிறைவாசத்தால் வருவாய் நின்றது, கடன் பெருகியது. அரசுக்கு ஆதரவாக நடித்தால் கடனை அடைப்பதாக வந்த அழைப்பை அவர் மறுத்தார் என்பர். அம்மறுப்பைப் போற்றும்போது, வீட்டில் இருந்தோரையும் நினைக்க வேண்டும். தியாகி என்னும் பட்டத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

பங்குக்குரியோர் இன்னும் சிலர் உள்ளனர். பிறர் மறுத்தபோதும் அவருக்கு எதிரே வள்ளியாக வந்து நின்று, அவர் சொல்லை ஏந்தி மறுசொல் கொடுத்த நடிகையரும் இருந்தனர். அந்த வள்ளிகள் இல்லாமல் அவருடைய முருகன் ஓர் இரவும் மேடையேறியிருக்க முடியாது.