பள்ளிக்கூடம் பழகிக்கொள்ளட்டும்

ஜூன் மாதம் வந்தால் போதும், உபதேசம் ஆரம்பமாகிவிடும். ‘ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் புது இடம் மிரட்சியாக இருக்கும், பழகிக்கொள்ள உதவுங்கள்’ என்பார்கள். பாடத்துக்கு ஒரு வாத்தியார், பெரிய மைதானம், நீளமான கால அட்டவணை எல்லாம் எந்தப் பிள்ளைக்கும் பத்து நாளில் பழகிவிடும். சேரிப் பிள்ளையைப் பழகிக்கொள்ளச் சொல்வது இவற்றை அல்ல தோழர்களே.

ஐந்தாம் வகுப்புவரை நம் பிள்ளைகள் பலருக்குச் சேரியை ஒட்டிய ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளிதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மாமன் மகன். ஆறாம் வகுப்புக்கு ஊர்த்தெருவைத் தாண்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே முதல் கேள்வியே, ‘நீ எந்தத் தெருடா?’ பதில் சொன்னதும் அவன் உட்காரும் இடமும் அவனைக் கூப்பிடும் பெயரும் முடிவாகிவிடுகின்றன. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. வாத்தியார் வாயிலிருந்து அதை யார் நீக்குவது?

நான் வங்கிக் குமாஸ்தா. உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்கப் பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு தாய் சொன்னார்: ‘எஸ்.சி. புள்ளைங்கல்லாம் எந்திரிங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்களாம் சார். அன்னையிலேர்ந்து பள்ளிக்கூடம் போவமாட்டேங்குறான்.’ உதவித்தொகை நம் உரிமை. அதைக் கொடுக்கிற சாக்கில் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் காட்சிப்பொருளாக்க எவனுக்கும் உரிமை கிடையாது. இதைச் செய்துவிட்டு, அவனுக்குத் ‘தாழ்வு மனப்பான்மை’ என்று நோய்ப் பெயர் வேறு வைக்கிறார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது, சாதி தெரிந்துவிடும் என்று மணி அடிக்கும்வரை வெளியே இருந்துவிட்டு வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யார் கையிலும் சிக்காமல் வேகமாக வீடு போய்ச் சேருவார். அம்பேத்கர் உட்கார்ந்த கோணித்துண்டைப் பள்ளியைப் பெருக்குகிற ஆள்கூடத் தொடமாட்டான். மாலையில் அவரே அதை வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். இவர்களுக்கா மனக்கோளாறு? கோளாறு பள்ளிக்கூடத்துக்கு.

‘புகார் கொடுக்கலாமே’ என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமலிருந்த பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் எழுத்தில் புகார் கொடுத்தார். வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அகர வரிசையில் உட்காரவை, வருகைப் பதிவேட்டில் சாதி எழுதாதே, கையில் சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அறிக்கை தானாக வகுப்பறைக்குள் நடந்துபோகாது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

கல்லூரி படிக்கிற தம்பி தங்கைகளே, பள்ளி திறக்கிற வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு கூட்டமாக நடந்து போங்கள். தலைமையாசிரியரைப் பாருங்கள். உட்காரும் வரிசை எப்படி என்று கேளுங்கள். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் கூவாதீர்கள், அலுவலக அறையில் தனித்தனியாக வாங்குங்கள் என்று சொல்லுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம். நம் தெருத் தாய்மார் அதில் இருக்கிறார்களா, இல்லை கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா? பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மனரீதியாகத் துன்புறுத்துவதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

புகார் என்றால் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கையெழுத்துப் போடவைக்காதீர்கள். தெருவே போடட்டும், இயக்கம் போடட்டும். வெட்ட நினைக்கிறவன் நூறு பேரை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பிள்ளைகள் பழகிக்கொண்டது போதும். சமமாக உட்காரவைப்பது எப்படி என்று இனி பள்ளிக்கூடம் பழகிக்கொள்ளட்டும்.