தில்லை மரமும் டில்லித் தாளும்

தில்லை என்றதும் எது நினைவுக்கு வருகிறது? கோபுரம் வரும். கோபுர வாயிலிலே கல்லிலே சமைத்த 108 கரணங்கள் வரும். 1981 முதல் நடைபெறும் நாட்டியாஞ்சலி வரும். மரம் வருகிறதா? வராது!

அந்த ஊருக்குப் பெயர் தந்ததே ஒரு மரம், தோழர்களே! உப்பங்கழியிலே, ஓதம் ஏறி இறங்கும் சேற்றிலே செழிக்கும் மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் கண் எரியும். கலையின் தலைநகர் என்று நாம் கொண்டாடும் ஊருக்கு, கழிமுகம் இட்ட பெயர் அது. இன்று அந்த மரக்காட்டைக் காண வேண்டுமானால், கிழக்கே பிச்சாவரம் போகவேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்ச் சதுப்புக்காடு. 1975-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' அங்கே படமாக்கப்பட்டது. அந்தக் காட்டின் பெயரையே கேட்டறியாதவன், கொட்டகையிலே உட்கார்ந்து அதைக் கண்டான். ஆயிரம் அரசாணை செய்யாததை அந்த ஒரு படம் செய்தது.

ஆனால் கண்டது அழகைத்தான். உள்ளே நடந்த அழிவை எந்தப் படம் காட்டிற்று? வெள்ளையன் காலந்தொட்டு 1970-கள் வரை கூறு கூறாக வெட்டி விற்றனர். வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்தது. வந்த ஓதநீர் வடியாமல் தேங்கிற்று. வெயிலிலே உப்பு முற்றிற்று. விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை மீண்டும் உள்ளே விட்டனர். காடு திரும்பிற்று. 2004 டிசம்பர் 26-இல் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை விழுங்கியபோது, இந்தக் காட்டின் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. தொலைவும் மேடும்தான் காரணம் என்று வாதிட்ட ஆய்வாளரும் உண்டு. வாதிடட்டும், காடு கரையோரம் நின்று கொண்டுதான் இருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது: ஊர்ப்புறங்களில் அலைவிளிம்பிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்றது. 2019-இல் அதையே திருத்தி, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் 50 மீட்டர் போதும் என்றனர். தேவனாம்பட்டினத்து மீனவர்க்கு இது யார் சொல்லித் தெரியும்? வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எப்போது வீசும் என்று அவர் சொல்வார். அந்த அறிவு எந்த அறிவிக்கையிலும் இல்லை. அறிவிக்கையின் மொழியோ அவர் வீட்டில் இல்லை!

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, 22 மொழிகளில் பெயர்த்து வெளியிடுக என்றது டில்லி உயர்நீதிமன்றம். ஒன்றிய அரசு என்ன செய்தது? மேல்முறையீடு என்று உச்சநீதிமன்றம் ஓடிற்று! உப்பனாற்றங்கரையில் இரசாயன ஆலைகளின் நெடியை ஆண்டுக்கணக்கில் மூக்கிலே வாங்கும் கடலூர்க்காரனிடம் கருத்துக் கேட்பார்களாம். அவன் மொழியில் மட்டும் கேட்கமாட்டார்களாம்!

2023-24 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையிலே, உலக வங்கித் துணையுடன் 2,000 கோடி ரூபாய் மதிப்பில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவிக்கப்பட்டது. நெய்தல்! ஐந்திணையிலிருந்து எடுத்த பெயர். ஒரு திட்டத்துக்குத் தமிழ்க் கவிதை மரபே பெயர் கொடுத்ததென்றால் நெஞ்சம் பூரிக்கத்தான் செய்கிறது. பெயரோடு நின்றுவிடலாமா?

அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கூத்துக் கலைஞர்க்கு ஒதுக்குங்கள். கடலூர் மாவட்டத்தில் தெருக்கூத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கே நடுகிறோம், எங்கே தூர்க்கிறோம், ஆலைக்கழிவு எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்பதைக் கட்டியங்காரன் நடுத்தெருவில் நின்று கேட்கட்டும். கேட்டுச் சிரிக்கட்டும் சனங்கள். மறுநாள் காலை, அதே இடத்தில், தமிழில் எழுதிய வரைபடத்தை விரித்து வைத்து அதிகாரி உட்காரட்டும். கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் மீன் விற்கும் பெண்கள் முதலில் பேசட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.