இரண்டு கட்டங்களில் அடங்காத பூஞ்சை

ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர்களை ‘நன்மை தருபவை’, ‘தீமை தருபவை’ என இரு கட்டங்களில் எழுதச் சொல்வது நம் வழக்கம். பல ஆண்டுகளாக நானும் அவ்வாறே செய்து வந்தேன். அண்மையில் மாணவன் ஒருவன் ஒரே பூஞ்சையை இரு கட்டங்களிலும் எழுதியிருந்தான்: செம்பனைக்கு நன்மை, வண்டுக்குத் தீமை. விடைப்பட்டியலில் அது இல்லை. தவறென்று குறித்துவிட்டேன்.

அவன் தந்தை தோட்டத்தில் வேலை செய்பவர். மறுநடவின்போது வெட்டிச் சாய்க்கும் செம்பனை மரங்கள் அங்கேயே மட்கிக் கிடக்கும். காண்டாமிருக வண்டு அவற்றில்தான் முட்டையிடும். வளர்ந்தபின் இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும். அதை அடக்க மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையை அம்மரக் குவியல்களில் இடுகிறார்கள். உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் 1879-இல் தானிய வண்டின் புழுக்களில் கண்டு விவரித்த பூஞ்சை அது. அதன் நுண்வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, தோலைக் கரைத்து உட்புகுந்து கொல்கிறது. பின்பு இறந்த உடலின்மீது பச்சைப் பொடியாக விளைகிறது. பையன் இதைக் கண்ணால் கண்டிருக்கிறான், நான் கண்டதில்லை.

அன்றிரவு இதுபற்றித் தேடிப் படித்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. பூஞ்சையையே தின்று வாழும் சிற்றுண்ணிகள் உண்டு. எட்டுக் கால்; சிலந்திக்கு உறவு; நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். டைரோபாகஸ் என்னும் வகை நம் வீட்டு மாவிலும் கருவாட்டிலும்கூட வாழும். பூஞ்சை வளர்க்கும் ஆய்வகங்களுக்கு அது பெருந்தொல்லை. ஒரு தட்டில் மேய்ந்துவிட்டு, உடலில் ஒட்டிய வித்துகளோடு அடுத்த தட்டுக்குப் போய்விடும். பூச்சியைக் கொல்லும் பூஞ்சையைத் தின்பதால் சிற்றுண்ணியை வண்டின் தோழன் எனலாமா? தின்ற வித்துகளில் சில எச்சத்தோடு உயிருடன் வெளிவருகின்றனவே! தின்பதும் அதுவே, பரப்புவதும் அதுவே. போதாக்குறைக்கு, மெட்டாரைசியம் சில உண்ணி இனங்களையும் கொல்லும். இவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தேர்வுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பீர்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. கட்டம்தான் நம்மை விட்டுப் போகவில்லை. அதைத் தூக்கியெறியவும் வேண்டா. தலைப்பில் ‘யாருக்கு?’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து.

மறுநாள் அவனுடைய பயிற்சி நூலைத் திரும்ப வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன். பூஞ்சை பிடித்த புழுவொன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். மூடியிட்ட போத்தலில் கொண்டுவா என்றேன்.