அனுமாரை ஜாய்ஸ்டிக்கால ஆட்டலாமா?

மக்களே, இது ஒரு பழைய வீடியோ கேம் பத்தின பதிவு. பேரு 'ஹனுமான்: பாய் வாரியர்'. பிளேஸ்டேஷன் 2க்காக 2009ல சோனி வெளியிட்டது. செஞ்சது ஹைதராபாத் கம்பெனியான அரோனா டெக்னாலஜீஸ். டிவியில மாட்டி ஆடுற பெட்டிக்கு, முழுக்க இந்தியாவுலயே தயாரான முதல் கேம்னு பெருமையாச் சொன்னாங்க. கார்ட்டூன் முகத்தோட குட்டி அனுமார். எதிரி வந்தா அடி, பள்ளம் வந்தா தாவு. சோனி அந்தப் பெட்டியைத் தயாரிக்கிறதையே 2013ல நிறுத்தியாச்சு. அதனால வாங்கலாமா வேண்டாமாங்கிற பேச்சு இல்ல இது.

கேம் வந்த உடனே ஒரு சர்ச்சையும் வந்துச்சு. அமெரிக்காவுல நெவாடாவுல இருக்கிற ராஜன் ஜெட், கும்பிடுற சாமியை ஜாய்ஸ்டிக்கால ஆட்டி வைக்கிறது அவமரியாதை, கேமைத் திரும்பப் பெறணும்னு சோனியைக் கேட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளான எனக்கு இந்த வாதம் ஒட்டவே மாட்டேங்குது. பக்கத்துக் கும்பகோணம் பொம்மலாட்டத்துக்குப் பேர் போன ஊர். நம்ம பொம்மலாட்டத்துல கயிறும் உண்டு, கம்பியும் உண்டு. ஆட்டுறவர் தலையில இரும்பு வளையம் மாட்டி, கயிறுகளை அதுல கட்டியிருப்பார். அவர் தலை அசைஞ்சா பொம்மை அசையும். கையை ஆட்டக் கம்பி. ராமாயணம் போட்டா ராமர், சீதை, அனுமார் எல்லாரையும் இப்படித்தான் ஆட்டியாகணும். சாமிக்குக் குறைச்சல்னு யாரும் எழுந்து போனதில்லையே? ஆட்டுறது குத்தமில்லீங்க. மோசமா ஆட்டுறதுதான் குத்தம்.

இந்த கேம் அங்கதான் அடி வாங்குது. பொம்மலாட்டப் பொம்மை நாலரை அடி உசரம், 10 கிலோ வரைக்கும் எடை இருக்கும். அதை நல்ல கலைஞர் காத்துல மிதக்கிற மாதிரி ஆட வைப்பார். இங்க நம்ம கையில இருக்கிறது ஒரு சின்ன கன்ட்ரோலர். அதுல ஓடுற அனுமாரோ கல்லைக் கட்டின மாதிரி கனக்குறார்.

தாவுற கேமுக்கு ரெண்டு விஷயம் முக்கியம். பட்டனை அமுக்கின அந்தக் கணமே கால் தரையை விடணும். எதிர் விளிம்பு எவ்ளோ தூரம்னு கேமரா சரியாக் காட்டணும். இந்த ரெண்டுமே சொதப்பல். சூரியனைப் பழம்னு நெனச்சு வானத்துக்குத் தாவின புள்ளை சார் அது! அந்தத் தாவல்ல சந்தோஷம் இல்லேன்னா அப்புறம் எதுக்கு அனுமார்? இத்தனைக்கும் இதே பெட்டியில 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' வந்தது 2001ல. எட்டு வருஷம் முன்னாடி. தாவல்னா என்னன்னு அதை ஆடினவங்களுக்குத் தெரியும்.

"நம்ம ஊர்ப் பசங்க செஞ்சது, முதல் முயற்சி, கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. தெரியும் :-)

எங்க டெல்டாவுல நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்க. விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்ளூர் நெல்லாச்சேன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. மழை அடிச்ச வருஷத்துல தளர்வு கேட்டு வாங்குறோம், நியாயம்தான். அதுக்காகக் காயப் போடறதையே விட்டுட முடியுமா? முதல் முயற்சிக்கு ஒருதரம் தளர்வு கொடுப்போம். அதையே வழக்கமாக்கிட வேண்டாம்.

ஏன்னா இதுல ஏமாறுறது நாம இல்ல, பிள்ளைங்க. பத்து வயசுப் பையன் வெளிநாட்டு கேமையும் அனுமாரையும் அடுத்தடுத்து ஆடிப் பாக்குறான்னு வைங்க. இதைச் செஞ்ச கம்பெனி மோசம்னு அவனுக்குத் தோணாது. "நம்ம கதைன்னாலே இப்படித்தான், போர்"னு முடிவு பண்ணிடுவான். பாட்டி சொன்னப்ப வாயைப் பொளந்து கேட்ட அதே கதை! அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

கதையில குறை இல்லேங்கிறதுக்குப் பின்னாடி சாட்சியும் வந்துச்சு. புனேக்காரங்க செஞ்ச 'ராஜி' 2020ல வந்தது. துர்க்கையும் விஷ்ணுவும் வர்ற அந்தக் கதையை நிழல் பாவைக்கூத்து பாணியில சொல்லியிருப்பாங்க, அழகு! சீனாக்காரன் தன்னோட குரங்கு வீரனை வெச்சு 2024ல 'பிளாக் மித்: வூகாங்' விட்டான். மூணே நாள்ல ஒரு கோடி பிரதி வித்துச்சு. அவன் குரங்கு ஜெயிச்சதுக்குக் காரணம் பக்தி மட்டும் இல்ல, உழைப்பு.

அதனால அடுத்த தடவை யாராவது அனுமாரை வெச்சு கேம் செஞ்சா, சாமி குத்தம்னு கொடி பிடிக்க வேண்டாம். நம்ம சாமியாச்சேன்னு அஞ்சு ஸ்டாரும் போட வேண்டாம். பையன் கையில கன்ட்ரோலரைக் கொடுங்க. சாப்பிடக் கூப்பிட்டா "இன்னும் ஒரே ஒரு தாவு"ங்கிறானான்னு பாருங்க. அந்தச் சான்றிதழ் போதும்.

நீங்க என்ன சொல்றீங்க?