புதுசு வந்தது, நினைவூட்டல் போச்சு



நம் பழைய மாணவர் கல்வி உதவி நிதியின் வரவு செலவை நான்தான் பார்க்கிறேன். விண்ணப்பம் வந்ததும் மூன்று பேருக்கு ஒப்புதலுக்கு அனுப்பும், பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் தானே நினைவூட்டும் ஒரு மென்பொருள் இருந்தது. போன மாதம் அதை 'மேம்படுத்தினார்கள்'. திரை அழகாக இருக்கிறது; நினைவூட்டலைக் காணோம். கேட்டால், "அடுத்த பதிப்பில் வரும் சார்" என்கிறார்கள். அதற்குள் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் பத்து நாள் தூங்கி, கட்டணத்துக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது. அபராதத்தை நான் கட்டினேன். அந்தப் பிள்ளை கல்லூரி அலுவலக வாசலில் நின்றதுதான் உறுத்துகிறது.

பெரிய நிறுவனங்களும் இப்படிச் செய்ததுண்டு. மேக் கணினிக்கான ஆபீஸ் 2008-இல் மைக்ரோசாஃப்ட் விபிஏ மேக்ரோ வசதியை எடுத்துவிட்டு, 2011 பதிப்பில்தான் திரும்பக் கொடுத்தது. இடையில் மேக்ரோவை நம்பியிருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

உங்களில் பலர் மென்பொருள் எழுதுகிறீர்கள். பழையது செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். புதியதில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்ட பிறகு பழையதை எடுங்கள். விடுபட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதுவரை நான் நோட்டில் குறித்துவைத்து, நானே போன் போடுகிறேன். எடுங்கப்பா!