“வென் கோ, அக்கா?”

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக்கு வந்து நூம்பல் பக்கம் திரும்புகிறவர்கள், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு சிறுவர் இல்லத்தின் வாசலில் வேன் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் இறங்குவார்கள். ஆரத்தி, சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு. இரண்டு மாதமாகப் பயின்ற ஆங்கில வரவேற்புப் பாடலைப் பிள்ளைகள் பாடுவார்கள். மறுநாள் காலை விருந்தினர் சுற்றுச்சுவருக்கு வர்ணம் பூசத் தொடங்குவார்கள். பதினான்கு நாள் கழித்து வேன் திரும்பிவிடும். அடுத்த ஜனவரியில் வேறு வேன், வேறு முகங்கள், அதே சுவர்.

இல்லத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நமக்கு வேண்டியவர்கள் நடத்துவது. ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நாமும் அங்கே போய் வந்திருக்கிறோம். மாலைக்கும் பொன்னாடைக்கும் நாமும் காசு கொடுத்திருக்கிறோம். ஆகவே இங்கே நாம் சொல்லப்போகும் குற்றம் முதலில் நம்மையே சாரும்.

அங்கே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். முதலாண்டு வேன் போனபின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறு ஆண்டு கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூன்றாம் ஆண்டில், வந்திறங்கிய பெண்ணின் கையைப் பற்றி, தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து முதற்கேள்வியாகவே கேட்டான்: “வென் கோ, அக்கா?” அவள் சிரித்தாள். பையன் கெட்டிக்காரன் என்று நாமும் சிரித்தோம். வந்தவரை ‘எப்போது வந்தீர்கள்’ என்று கேட்பதுதான் தமிழ் வீடுகளின் வழக்கம். ‘எப்போது போவீர்கள்’ என்று கேட்க அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இதை எழுதினால் சிலர் சினங்கொள்வார்கள் என்பதை அறிவோம். ‘கடல் கடந்து, சொந்தக் காசைச் செலவழித்து, நம் ஏழைப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து உண்கிறார்கள், அவர்களையா குறை சொல்வது?’ என்பார்கள். வந்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் தெருக்கோடித் தேநீர்க்கடையில் பெயிண்டர்கள் இருவர் வேலையின்றி உட்கார்ந்திருக்க, தூரிகையைப் பிடித்தே பழக்கமில்லாத பிள்ளைகள் விமானமேறி வந்து சுவருக்கு வர்ணம் பூசுவதைத் தொண்டு என்று சொல்ல நம் நா எழவில்லை. அந்த ஒரு விமானச் சீட்டின் விலையில், பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு, இரவில் காய்ச்சல் கண்டால் கூடவே விழித்திருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அவள் ஜனவரி முடிந்ததும் போய்விட மாட்டாள். ஆனால் அவளோடு நிழற்படம் எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை.

நம் வீட்டுக் கதை சிறிது. அண்டை நாடான நேபாளத்தின் கதை அச்சம் தருவது. அங்கே சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பவர்கள் என்று ஆய்ந்தவர்கள் கூறினர். நாட்டில் 75 மாவட்டங்கள் இருந்த காலத்தில், பதிவுபெற்ற இல்லங்களில் மிகப் பெரும்பான்மை ஐந்தே மாவட்டங்களில் இருந்தன. காட்மாண்டுப் பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் எனச் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்கள் அவை. அநாதைகள் எங்கே பிறக்கிறார்கள் என்பதைப் பார்த்து அந்த இல்லங்கள் எழவில்லை. வெள்ளைக்காரர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதைப் பார்த்தே எழுந்தன. மலைக்கிராமத்துப் பெற்றோரிடம் ‘நகரத்தில் படிக்க வைக்கிறோம்’ என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வந்து, காகிதத்தில் அநாதையாக்கி, தொண்டர்முன் நிறுத்தினார்கள் தரகர்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப்பின் இந்த அச்சம் இன்னும் கூடியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் இயற்றியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்த வரம்பில் வைத்துப் பேசியது. அன்பு செய்ய ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டு வருகிறவர் பெருகினால், பிள்ளையைத் தேடிக் கொடுப்பவரும் பெருகுவர். சந்தையின் விதி கருணைக்கும் விலக்களிப்பதில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அன்று. 1968இல், மெக்சிக்கோவில் கோடை விடுமுறைத் தொண்டு செய்யும் அமெரிக்க மாணவர்களிடம், அப்போது குருவாயிருந்த இவான் இல்லிச் கடுமையாகவே பேசினார். மொழி தெரியாமல், மக்களைத் தெரியாமல் உதவ வருவது அவமதிப்பு. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சு வந்தவர்களை நோக்கியது. வரவேற்கிறவர்களை நோக்கியும் ஒருவர் பேசியிருக்க வேண்டும்.

ஏனெனில் தொண்டு என்றால் என்ன என்று அறியாத மக்கள் அல்லர் நாம். 1955இல் செங்கற்பட்டுப் பகுதியின் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கிய பெல்ஜிய மருத்துவர்கள் ஹெமரிக்ஸ், கிளேர் வெலூட் ஆகியோர் மரத்தடிகளையே மருத்துவமனையாக்கி ஊர் ஊராகப் போனார்கள். பிரான்சில் பிறந்த சேசுசபைத் தந்தை சேராக் 1937இல் இங்கு வந்து, தமிழ் கற்று, லயோலா கல்லூரி மாணவர்களோடும் மானாமதுரை உழவரோடும் வாழ்ந்து, 2012இல் சென்னையிலேயே கண்மூடினார். இடையில் பல ஆண்டுகள் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு இருந்தார். இன்னும் பின்னால் போனால், 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையேறிய ஜோசப் வாஸ் அடிகள். அவர் தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அவர் உடனிருந்து புண் கழுவினார். 1711இல் அந்நாட்டிலேயே இறந்தார். இவர்களில் எவரிடத்தும் எந்தப் பிள்ளையும் எப்போது போவீர்கள் என்று கேட்டிருக்க மாட்டாது.

எல்லாரும் வாஸ் அடிகளாக முடியுமா என்று கேட்கலாம். முடியாது, கேட்கவும் இல்லை. இரண்டு வாரம்தான் இருக்க முடியும் என்றால், விருந்தாளியாக வரட்டும். விருந்தோம்பலில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கணக்கெழுதத் தெரிந்தவர் இல்லத்துக் கணக்கைச் சீர்செய்யட்டும். பல் மருத்துவர் பல் பார்க்கட்டும். பிள்ளைகளின் அன்பைத் தவணை முறையில் வாங்கிச் செல்லும் உரிமை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இப்போது இன்னொரு புதுமையும் தலைகாட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளே வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதுவதற்கென்று நேபாளத்துக்கும் இலங்கைக்கும் பத்து நாள் தொண்டுக்குப் புறப்படுகிறார்கள். சென்ற கோடையில் போகவிருந்த ஓர் இளைஞனிடம், நூம்பலில் உன் வீட்டுக்குப் பின்னால் கட்டடவேலை செய்யும் ஒடியாக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போகாமல் மணலில் விளையாடுகிறார்களே, அவர்களில் ஒருவன் பெயர் தெரியுமா என்று கேட்டோம். அங்கே சான்றிதழ் தருவார்களா என்று அவன் திருப்பிக் கேட்டான். பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

இவ்வாண்டு ஜனவரியிலும் வேன் வரும். வர்ண வேலையைத் தெருக்கோடிப் பெயிண்டர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டாம் என்றும் இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது என்று கேள்விப்படுகிறோம்.